பச்சை டிக் விழுந்த முகவரி

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது. எனக்கு நடந்தது. நிமிடக் கணக்கோடு குறித்து வைத்திருக்கிறேன். என் வேலையே அப்படிப்பட்டது. எந்தக் கதவை எத்தனை மணிக்குத் தட்டினோம், உள்ளேயிருந்து என்ன பதில் வந்தது என்று எழுதி வைக்கிற வேலை.

பேய் என்றால் நடுநிசி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஐந்தாவது மாடியில் ஓர் அலுவலகம். வெளியே மழை. உள்ளே நான் மட்டும்.

நான் மட்டும் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். பயம் பிறகு வந்தது. கோபம் மாதக்கணக்கில் இருந்தது.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஏதோ ஒரு கம்பெனி, இயந்திர உதிரிபாகம் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கக்கூடிய ஆட்களுக்கு மெயில் அனுப்ப வேண்டும். முன்பின் தெரியாத ஆட்கள். அவர்களுடைய மெயில் ஐடியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. ஆளின் பெயர் தெரியும், கம்பெனி தெரியும். மீதி ஊகம். பெயர், ஒரு புள்ளி, குடும்பப் பெயர். இல்லையென்றால் முதலெழுத்து மட்டும். இப்படி நாலைந்து விதமாக எழுதிப் பார்த்து, அந்தக் கம்பெனியின் சர்வரிடம் கேட்போம்: இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் உண்டா? சர்வர் உண்டு அல்லது இல்லை என்று சொல்லும். பதில் வந்தவுடன் கடிதம் எதுவும் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுவோம். ஆள் இருந்தால் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழும். ஆபீசில் இதற்குப் பெயர் 'தட்டிப் பார்ப்பது'.

சில சர்வர்கள் பொய் சொல்லும். எந்தப் பெயரைக் கேட்டாலும் உண்டு என்று தலையாட்டும். அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. யாருக்கும் இருக்க முடியாத ஒரு பெயரைக் கன்னாபின்னாவென்று தட்டிக் கேட்க வேண்டும். அதற்கும் உண்டு என்றால் அந்த சர்வரை நம்பக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் அக்கா. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, அவள் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள். நான் காதில் வாங்காதது போல வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்தவள் அவள். அவள் செத்த இருபதாம் நாள் அதில் நான் உட்கார்ந்தேன்.

வீட்டில் எங்கள் அம்மா, நான், அக்காவின் மகள். மகளுக்கு ஒன்பது வயது, வாண்டு என்று கூப்பிடுவோம். அக்காவின் கணவர் அதற்கு முன்பே எங்களை விட்டுப் போயிருந்தார், உயிரோடுதான். சம்பளம் வேண்டும். முதலாளியே கூப்பிட்டு வேலை கொடுத்தார். பெரிய மனது என்று அம்மா கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

முதலாளிக்கு ஆபீசில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஜஸ்ட்'. எதைச் சொன்னாலும் ஜஸ்ட்டில்தான் ஆரம்பிப்பார். ஜஸ்ட் ஒரு லிஸ்ட். ஜஸ்ட் ரெண்டு நாள். முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"மெயில் எல்லாம் உங்க அக்கா பேர்லயே போகட்டும்மா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்த மெயில்பாக்ஸுக்கு மூணு வருஷமா சம்பாதிச்ச நல்ல பேரு இருக்கு. அதுலேருந்து போனா நேரா இன்பாக்ஸ்ல விழும். புதுசா ஒண்ணு ஆரம்பிச்சா எல்லாம் ஸ்பாம்லதான் கிடக்கும். ஜஸ்ட் கொஞ்ச நாளைக்கு."

நான் தலையாட்டினேன். எதைக் கேட்டாலும் உண்டு என்று சொல்கிற சர்வர் மாதிரி.

அன்றிலிருந்து அக்கா தினமும் நானூறு பேருக்கு மெயில் எழுதினாள். அவள் எழுதி வைத்திருந்த அதே வரிகள்தான். 'உங்கள் வேலைக்கு நடுவில் தொந்தரவு செய்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்' என்று ஆரம்பிக்கும். அவள் பேச்சே அப்படித்தான். எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்பதற்குக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கேட்பாள். மூன்றாம் நாள் இன்னொரு மெயில் போகும்: 'என் முந்தைய கடிதத்தைப் பார்த்தீர்களா?' ஏழாம் நாள் இன்னொன்று: 'எனக்காகப் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா?' கீழே ஒரு நாள்காட்டி. விரும்பிய நேரத்தைத் தொட்டால் வீடியோ அழைப்புக்கு நேரம் பதிவாகிவிடும். எல்லாம் தானாக நடக்கும். நான் பட்டனை அழுத்தினால் போதும்.

மூன்றாவது மாதம் பக்கத்து சீட்காரி ஒரு விஷயம் சொன்னாள். அவள் முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், எல்லாரும் டீச்சர் என்போம். பாத்ரூமில் கை கழுவும்போது, தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

"உங்க அக்கா அன்னிக்கு நெஞ்சு வலிக்குது, வீட்டுக்குப் போறேன்னு கேட்டா. நாலு மணி இருக்கும். ஜஸ்ட் என்ன சொன்னார் தெரியுமா? ஜஸ்ட் பதினஞ்சு நிமிஷம்மா, இந்த லிஸ்ட்டை முடிச்சுட்டுப் போயிடு."

"அப்புறம்?"

"முடிச்சா. முடிச்சுட்டுத்தான் விழுந்தா."

நாலேகால். மருத்துவமனைச் சீட்டிலும் ஏறக்குறைய அந்த நேரம்தான் எழுதியிருந்தது.

இதைக் கேட்ட மறுநாள் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? சரியாக ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஜஸ்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். முகம் சிரிக்கும். என் முகத்தை நான் வெறுக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மாலை 6:20. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாண்டு பக்கத்தில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த டேப்லெட் கையில்.

"சித்தி, நாளைக்கு நாலு மணிக்கு என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

"ஏன், மகாராணிக்கு என்ன வேலை?"

"அம்மா பேசறாங்க."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. டேப்லெட்டைக் காட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மெயில் ஐடி கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே முகவரி அவள் அம்மாவுடையது. அக்காவே சொல்லிக் கொடுத்தது. அதற்கு எழுதியிருக்கிறாள். 'அம்மா, நீ அங்க இருக்கியா?'

பதில் வந்திருந்தது. 'உங்கள் வேலைக்கு நடுவில் தொந்தரவு செய்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.'

அவளுடைய அம்மா பேசுகிற மாதிரியே.

எப்படி நடந்தது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்த மெயில்பாக்ஸுக்கு எழுதுகிற யாரையும் தானாகவே லிஸ்ட்டில் சேர்க்கும்படி ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தது நான். வாரத்துக்கு ஒருமுறை புதிய முகவரிகளை மொத்தமாகத் தட்டிப் பார்த்து 'எல்லாம் சரி' என்று அழுத்துவதும் நான்தான். நாலாயிரம் முகவரிகளுக்கு நடுவில் என் அக்கா மகளின் முகவரி வந்திருக்கிறது. அதற்கும் பச்சை டிக் விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மெயில் வந்திருக்கிறது. ஏழாம் நாளும் வந்திருக்கிறது. 'எனக்காகப் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா?' பிள்ளை ஓடிப்போய் நாள்காட்டியைத் தொட்டிருக்கிறாள். ஞாயிறு, மாலை 4:00.

அங்கேதான் முதல் தவறு என் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளை நாள்காட்டியில் நானே பூட்டி வைத்திருக்கிறேன். தொட்டால் திறக்காது. இது திறந்திருந்தது.

"அது அம்மா இல்லடா. அது மெஷின். மெஷின் எல்லாருக்கும் அனுப்பும்."

"நீதான் சொல்ற. அம்மா சொல்லல."

6:50க்கு ஜஸ்ட்டுக்கு போன் போட்டேன். குரலை இறக்கி, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்காவின் மெயில்பாக்ஸை மூட வேண்டும். நாளை நாலு மணிக்குள். ஏனென்றால் அழைப்பு நேரம் முடிந்து யாரும் பேசாவிட்டால் 4:15க்கு இன்னொரு மெயில் தானாகப் போகும். 'உங்களைப் பார்க்க முடியவில்லையே. வேறொரு நாள் பேசலாமா?' அந்தப் பிள்ளை மறுபடியும் ஒரு நாளைத் தொடுவாள். மறுபடியும் உட்கார்ந்து காத்திருப்பாள். ஒவ்வொரு வாரமும்.

"அதுக்குப் போய் மெயில்பாக்ஸை மூடுவாங்களாம்மா? சின்னப் பொண்ணுதானே, ஜஸ்ட் அந்த டேப்லெட்டைப் பிடுங்கி வைங்க."

"அது எங்க அக்கா பேரு சார்."

"உங்க அக்கா இருந்திருந்தா அவங்களே சரின்னுதான் சொல்லியிருப்பாங்க."

போனை வைத்துவிட்டார். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அக்கா சரி என்றுதான் சொல்லியிருப்பாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லியிருப்பாள். செத்தவள் மேல் கோபப்படலாமா? பட்டேன். அன்றிரவு அவள் மேலும் கோபப்பட்டேன்.

அக்காவின் மெயில்பாக்ஸை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்க முடியும். ஞாயிறன்று கிளம்பினேன். கேட்க யாரும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

கட்டட வாசலில் 3:05. காவலாளி பதிவேட்டை நீட்டினார். கையெழுத்துப் போடும்போது பேனா கசிந்தது. அந்த விரலோடு கழுத்தைத் துடைத்தேன் போல. காலரில் நீலமாக ஒரு கறை.

"உங்க ஆபீஸ்ல யாரோ இருக்காங்களே மேடம்."

"ஞாயித்துக்கிழமை யாருண்ணே இருப்பா?"

"லைட் எரியுது. அணையுது. மறுபடி எரியுது. கீழேருந்தே தெரியுது. காலையிலேருந்து."

எங்கள் ஆபீஸ் விளக்குகளுக்கு சுவிட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் தலைக்கு மேல் எரியும். அசைவு நின்றால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். ஏதாவது பல்லியாக இருக்கும் என்றேன்.

3:11. உள்ளே போனேன். இருட்டு. நான் நடக்க நடக்க என் தலைக்கு மேல் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தது. ஈரமான கம்பள வாசனை. மூடிய ஜன்னல்களில் மழை. என் மேசை. அக்காவின் மேசை. கீபோர்டுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு, அக்கா கையெழுத்தில் பாஸ்வேர்டு. கம்ப்யூட்டர் காமிராவின் மேல் அவள் ஒட்டி வைத்த மருந்துக் கட்டு பிளாஸ்டர். யாரோ பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று ஒட்டினாளாம். எட்டு மாதமாக நானும் அதை எடுக்கவில்லை.

3:20க்கு மெயில்பாக்ஸ் திறந்தது. மூடுவதற்கு முன் வாண்டு எழுதியவற்றை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தேடினேன். பதினோரு மெயில். கணக்குப் பரீட்சை. தோழியோடு சண்டை. சித்தி ராத்திரியில் பல்லைக் கடிக்கிறாள்.

நான் பல்லைக் கடிப்பது எனக்கே தெரியாது.

ஒன்பதாவது மெயில். 'அம்மா என்னோட முதல் பல்லை எங்க வெச்ச?'

அதற்கு ஒரு பதில் போயிருந்தது. அக்கா எழுதி வைத்த வரிகளில் அப்படி ஒன்று கிடையாது.

'தையல் மெஷின் இழுப்பறை. ஊசி டப்பாவுக்குள்ள. தொந்தரவு பண்ணிட்டேனோன்னு நினைக்காத.'

அனுப்பிய நேரம், செவ்வாய், மாலை 4:15.

செவ்வாய் 4:15க்கு நான் இதே நாற்காலியில்தான் இருந்தேன். இதை நான் எழுதவில்லை.

வியாழக்கிழமை வாண்டு தையல் மெஷினைக் குடைந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஊசி குத்தப் போகிறது என்று அதட்டினேன். கையை மூடிக்கொண்டு ஓடினாள்.

ஜஸ்ட்தான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பாஸ்வேர்டு அவரிடமும் இருக்கும், ஏதோ விளையாடுகிறார் என்று. ஆனால் பல் இருக்கும் இடம் அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே.

3:41.

டிக்.

விளக்கு எரியும்போது அப்படி ஒரு சத்தம் வரும்.

நிமிர்ந்து பார்த்தேன். ஹாலின் அந்தக் கோடியில், மீட்டிங் அறைக்கு முன்னால், ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே வெறும் தரை.

"யாரு?"

மழைச் சத்தம் மட்டும்.

அணைந்துவிடும் என்று காத்திருந்தேன். அணையவில்லை. அப்படியென்றால் அங்கே ஏதோ அசைந்துகொண்டே இருக்கிறது.

திரைக்குத் திரும்பினேன். கை வேகமாக ஓடியது. கணக்கை நீக்கு. நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக. மறுபடியும் பாஸ்வேர்டு. எழுத்து மாறியது. மறுபடியும்.

டிக்.

இரண்டாவது விளக்கு. முதலாவதைவிட எனக்கு ஒரு மேசை அருகில்.

3:52. 'கணக்கு நீக்கப்பட்டது.'

மூச்சு விட்டேன். முடிந்தது. ஆனால் என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த புத்தி போகுமா? யார் சொன்னாலும் நம்பாதே, நீயே தட்டிப் பார். அக்காவின் முகவரியை எழுதி சர்வரிடம் கேட்டேன்.

இல்லை.

மறுபடியும் கேட்டேன். 3:54.

இல்லை.

டிக்… டிக்…

இரண்டு விளக்குகள். வரிசையாக. யாரோ நிதானமாக நடந்து வருவது மாதிரி. டீச்சரின் மேசைவரை வந்துவிட்டது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். எனக்குக் கோபம். உன் பெயரைக் காப்பாற்றத்தானே வந்தேன், என்னையா பயமுறுத்துகிறாய் என்று கோபம்.

"என்ன வேணும் உனக்கு?" என்று கத்தினேன்.

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

3:57. மூன்றாவது முறை தட்டினேன்.

உண்டு.

பச்சை டிக்.

நீக்கிய முகவரி. மூன்று நிமிடத்துக்கு முன் இல்லாத முகவரி.

கன்னாபின்னாவென்று ஒரு பெயரை அடித்துக் கேட்டேன். சர்வர் பொய் சொல்கிறதா என்று பார்க்க.

இல்லை.

அக்கா பெயர்.

உண்டு.

இன்னொரு கன்னாபின்னா.

இல்லை.

அக்கா.

உண்டு.



3:59.

டிக்.

பக்கத்து விளக்கு.

டீச்சரின் நாற்காலி… மெல்ல… என் பக்கம் திரும்பியது.

திரையின் மேலே, பிளாஸ்டருக்குப் பின்னால், பச்சையாக ஏதோ கசிந்தது. காமிராவின் சின்ன விளக்கு.

நான் அதைத் தொடவில்லை.

4:00.

எழுந்தேன்.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. படி. ஐந்து மாடி. கால் எங்கே வைத்தேன் என்று தெரியாது. வாசலில் காவலாளி ஏதோ கேட்டார். மழையில் இறங்கி நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நனைந்திருப்பதே தெரிந்தது.

வீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வாண்டு தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அழுத முகமாக இருக்கும் என்று பயந்து வந்தேன். இல்லை. அமைதியாக இருந்தாள். டேப்லெட்டைத் தானாகவே அணைத்து மேசைமேல் வைத்திருந்தாள்.

"நாலு மணிக்கு… யாராவது பேசினாங்களா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நீண்ட நேரம்.

"சொல்ல மாட்டேன்."

கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நல்லவேளை, மெயில்பாக்ஸை மூடிவிட்டேன் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அவளும் அதற்குப் பிறகு எந்த நாளையும் தொடவில்லை. 4:15 மெயில் வரவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆபீசே அல்லோலகல்லோலம். ஜஸ்ட் என் மேசைக்கே வந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

எங்கள் லிஸ்ட்டில் இருந்த முப்பத்தெட்டாயிரம் பேருக்கும் ஒரு மெயில் போயிருக்கிறது. ஞாயிறு, மாலை 4:11. அக்காவின் முகவரியிலிருந்து. பத்தொன்பது நிமிடத்துக்கு முன் நான் நீக்கிய முகவரியிலிருந்து. அவருடைய போனில் படித்தேன்.

'எட்டு மாதமாக என் பெயரில் உங்களுக்கு வந்த கடிதங்களை நான் எழுதவில்லை. நான் இறந்துவிட்டேன். வீட்டுக்குப் போகக் கேட்டேன். பதினைந்து நிமிடம் கழித்துப் போகலாம் என்றார்கள்.'

அவ்வளவுதான். முதல்முறையாக, மன்னிப்புக் கேட்காமல் எழுதியிருந்தாள்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஜஸ்ட் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தார். மறுத்திருந்தால் நம்பியிருப்பார். நான் மறுத்தே பழக்கமில்லாதவள் ஆயிற்றே, அதனால் நம்பியிருப்பார்.

"ஆமா. நான்தான் அனுப்பினேன்" என்றேன்.

பொய். அப்போது அதைப் பொய் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைச் சொன்னபோது எட்டு மாதத்தில் முதல்முறையாக என் முகமும் வயிறும் ஒன்றையே சொல்லின.

"வெளிய போ."

"ஜஸ்ட் ஒரு நிமிஷம் சார், பையை எடுத்துக்கிறேன்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். பையை எடுக்கும்போது பார்த்தேன். காமிராவின் மேல் பிளாஸ்டர் இல்லை. மேசை விளிம்பில் ஒட்டியிருந்தது. கோணாமல், நேராக, விரலால் நீவி ஒட்டினதுபோல. பழைய பசை, விட்டிருக்கும் என்று நினைத்தேன்.

வாசலில் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை வரி. உள்ளே 3:05. வெளியே 4:21.

"அண்ணே, நான் நாலு மணிக்கே போயிட்டேனே."

"என் வாட்ச் சரியாத்தான் இருக்கு மேடம். நாலு இருபத்தொண்ணு. போகும்போது, தொந்தரவு பண்ணிட்டேன், கோச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஏதோ குழப்பம், நாலு பேர் வந்துபோகிற இடம் என்று அதையும் தள்ளிவிட்டேன். மனிதர்கள் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடுவார்கள்.

நாலு மாதம் ஆயிற்று. வேறு வேலை கிடைத்தது. ஒரு அச்சகத்தில். போன வெள்ளிக்கிழமை வாண்டுவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"சித்தி, உன் கோபம் போயிடுச்சா?"

"என்ன கோபம்?"

"போயிடுச்சா, இல்லையா?"

போயிடுச்சு என்றேன். போகவில்லை.

"அப்போ சொல்லலாம். உன் கோபம் போன அப்புறம்தான் சொல்லணும்னு அம்மா சொன்னாங்க. அன்னிக்கு நாலு மணிக்கு வந்தாங்க. பதினஞ்சு நிமிஷம் பேசினாங்க. நடுவுல, இரு ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு என்னமோ டைப் அடிச்சாங்க. அப்புறம் மறுபடி பேசினாங்க."

பின்னலைப் பிடித்த என் கை நின்றுவிட்டது.

"உன் சட்டைதான் போட்டிருந்தாங்க சித்தி. காலர்ல நீலமா இங்க் பட்டிருந்துச்சு. மூஞ்சிகூட உன்னோடதுதான். ஆனா அம்மா."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். அவளே சொன்னாள்.

"பதினஞ்சு நிமிஷம் பத்தலன்னாங்க. அடுத்த தடவை உன்கிட்டயே கேட்டு வாங்கிக்கிறேன்னாங்க."

இதுவரை கேட்கவில்லை.